என் உயரத்துக்கு ஒரு நாற்காலி

எனக்கு முதல் நியமனம் கிடைத்த ஆஸ்பத்திரி அட்டனிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில், தேயிலை மலைகளுக்கு நடுவில் இருந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பேராதனையில் பல் மருத்துவம் படித்து முடித்துவிட்டு, ஒரு சூட்கேசும் ஒரு கம்பளிப் போர்வையுமாக நான் போய் இறங்கினேன். பல் கிளினிக்கின் கதவைத் திறந்துவிட்ட உதவியாளர் என்னைக் கீழிருந்து மேலாகப் பார்த்தார். முகத்தை எட்ட அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. என்னைவிடச் சில வயது மூத்த சிங்களப் பெண். அவருடைய தலை என் மார்பு உயரத்துக்குக்கூட வரவில்லை.

“அனே டொக்டர்,” என்றார். “இந்த நாற்காலி மேல வராது. பம்ப் கெட்டுப் போயிருக்கு. முந்தி இருந்த டொக்டர் உங்க தோள் அளவுதான். அவருக்குச் சரியா இருந்திச்சு.”

நல்ல தமிழ் பேசினார். சிங்களம் எட்டிப் பார்த்தது, ‘ஐயோ’வுக்குப் பதிலாக வரும் அந்த ‘அனே’யிலும், கோபம் வந்தால் வேகமாக வந்து விழும் சில வார்த்தைகளிலும் மட்டும்தான்.

நாற்காலியைப் பார்த்தேன். பச்சை ரெக்சின் உறை, வெடித்த கைப்பிடி. மிதித்தால் உயர வேண்டிய மிதிகட்டை தளர்ந்து தொங்கியது. புதிதாக வேலைக்கு வந்தவளுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. குனிந்து வேலை செய்தால் போகிறது என்று நினைத்தேன்.

காலையில் கிளினிக் திறக்கும்போதே வராந்தா நிறைந்திருக்கும். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் அன்றைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, தோட்டத்திலிருந்து நடந்தே வந்தவர்கள். தலையில் கம்பளித் துண்டு, கன்னத்தில் கை. பெரும்பாலும் பல் பிடுங்கத்தான் வருவார்கள். எங்கள் மலை மக்கள் உயரமானவர்கள் அல்ல. அவர்கள் அந்தத் தாழ்ந்த நாற்காலியில் உட்கார்ந்தால் வாய் என் இடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும். கீழ்ப்பல்லைப் பார்க்க நான் இரண்டாக மடிய வேண்டும். மேல்பல்லைப் பார்க்க மடிந்த பிறகு கழுத்தையும் திருப்பிக் கோண வேண்டும். ஒரு கையில் குறடு, மறு கையில் அவர்களுடைய தாடை. அப்படியே மத்தியானம் வரைக்கும்.

ஆனாலும் எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. இராத்திரி முழுக்க வலியோடு உட்கார்ந்திருந்த ஒருவர், பல் கழன்று வந்ததும் ஒரு மூச்சு விடுவார். அதைக் கேட்டால் எனக்கும் தோள் லேசாகும். பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள் நான். அவர்கள் பேசுகிற பேச்சு என் வீட்டுப் பேச்சு. “டொக்டரம்மா நம்ம புள்ளயாமே,” என்று வராந்தாவில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது உள்ளே எனக்குக் கேட்கும்.

என் கணவரை நான் சந்தித்ததும் அந்த நாற்காலியில்தான். நகரத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்துக்காரர். கடைவாய்ப் பல்லில் ஓட்டையோடு வந்தார். நான் திரும்பிப் பார்க்கும் முன்பே உட்கார்ந்துவிட்டதால் அவருடைய உயரம் எனக்குத் தெரியவில்லை. வேலை முடிந்து எழுந்து நின்றபோது என் காதுமடல் அளவுக்கு இருந்தார். விறைத்துப்போன கன்னத்தோடு என்னை நிமிர்ந்து பார்த்து, “நல்ல உயரம் டொக்டர் நீங்கள்,” என்றார். சின்ன வயதிலிருந்து அதே வார்த்தைகளை எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நல்ல செய்தி போல ஒருவர் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

கல்யாணத்துக்குப் பிறகு நுவரெலியாவில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனோம். படம் எடுப்பவர் எங்களைப் பார்த்துவிட்டு, என்னை நாற்காலியில் உட்காரச் சொல்லி, கணவரைப் பின்னால் நிற்கச் சொன்னார். நான் சட்டென்று உட்கார்ந்துவிட்டேன்.

“வேண்டாம் தம்பி,” என்றார் என் கணவர். “ரெண்டு பேரும் நிண்டுதான் எடுப்பம். எழும்பும் நீர்.”

அந்தப் படத்தில் நான் முழங்காலைக் கொஞ்சம் மடக்கியிருக்கிறேன். சேலைக்குள் அது தெரியாது.

வலி எப்போது ஆரம்பித்தது என்று சரியாகச் சொல்ல முடியாது. முதலில் தோள்பட்டைகளுக்கு நடுவே ஒரு சூடு. கிளினிக் முடியும் நேரத்தில் வந்து, வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் கிடந்தால் போய்விடும். பிறகு அது கழுத்துக்கு ஏறியது. குளிர் மாதங்களில் காலையில் எழும்பும்போதே கழுத்து பலகை போல இருக்கும். என் கணவர் தைலம் போட்டுத் தேய்ப்பார், போத்தலில் வெந்நீர் நிரப்பித் துணியில் சுற்றிக் கொடுப்பார். அடுத்ததாக வலது கை விரல்கள் அவ்வப்போது மரத்தன. குறடைப் பிடித்திருக்கும்போது பெருவிரல் எனக்குச் சொந்தமில்லாதது போல இருக்கும். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பல் வைத்தியருக்குக் கை மரக்கிறது என்று எப்படிச் சொல்வது?

ஒரு சந்தை நாள். திருமணமாகிச் சில மாதங்களே ஆன இளைஞர் ஒருவர், கீழ்ப் பக்கத்து ஞானப் பல்லோடு வந்திருந்தார். பல் பிடிவாதக்காரப் பல். நான் மடிந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, மெல்ல மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தேன். பல் வெளியே வந்தது. பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்னேன். அதற்குப் பிறகு நிமிரப் பார்த்தேன். முடியவில்லை. கழுத்து வலது பக்கம் சாய்ந்தபடியே பூட்டிக்கொண்டுவிட்டது. கொஞ்சம் அசைத்தாலும் மின்சாரம் போல ஒன்று முதுகு வரைக்கும் ஓடியது.

“டொக்டர்?” என்றார் உதவியாளர்.

“நிமிர முடியல,” என்றேன், தரையைப் பார்த்தபடி.

அந்த இளைஞர் சட்டென்று எழுந்து தன்னுடைய இடத்தைக் காலி செய்தார். உதவியாளரும் அவருமாக என்னைப் பிடித்து அதே நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நான் நோயாளியின் இடத்தில். எதிரே, வாயில் பஞ்சோடு அவர், கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார்.

“டொக்டரம்மா, தண்ணி குடிக்கிறீங்களா?” என்று பஞ்சைக் கடித்தபடியே கேட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. சிரித்தால் வலித்தது.

கண்டியில் ஒரு விசேட வைத்தியரிடம் போனோம். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கழுத்து எலும்புகளுக்கு நடுவேயுள்ள தட்டுகள் அழுத்தப்பட்டிருக்கின்றன, நரம்பைத் தொட ஆரம்பித்திருக்கின்றன என்றார். ஓய்வு, மருந்து, கழுத்துப் பட்டி. நாங்கள் எழும்பும்போது, “உங்கள் உயரத்துக்கு இந்தத் தொழில் சரிப்படாது. நிர்வாகப் பக்கம் மாற முடியுமா என்று பாருங்கள்,” என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொன்னார்.

திரும்பும் பஸ் கினிகத்தேனையைத் தாண்டி வளைந்து வளைந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் கழுத்துப் பட்டி தாடையில் இடித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டிருந்தேன். கழுத்து மட்டும் திரும்பாது என்பதால் உடம்போடு திரும்பித்தான் அழ வேண்டியிருந்தது. என் கணவர் தன் கைக்குட்டையை மடித்துப் பட்டிக்கும் தாடைக்கும் நடுவே வைத்தார்.

“உமக்கு இந்த வேலை விருப்பமோ?” என்று கேட்டார்.

“விருப்பம்ங்க.”

“அப்ப ஏன் விடுவான்? உம்மட உயரத்தைக் குறைக்கேலாது. மற்றச் சாமான் எல்லாத்தையும் உயர்த்தலாம்தானே.”

கணக்கு வாத்தியார். ஒரு பக்கத்தை மாற்ற முடியாவிட்டால் அடுத்த பக்கத்தை மாற்றுவார். அன்றைக்கு எனக்கு அது போதுமானதாக இருந்தது.

நாற்காலியைத் திருத்திக் கொடுக்கச் சொல்லி நாங்கள் மேலிடத்துக்கு ஏற்கெனவே எழுதியிருந்தோம். பதில் வந்தபாடில்லை. ஆஸ்பத்திரியின் பொறுப்பு வைத்தியரிடம் போய், நாற்காலியை ஒரு மேடையில் ஏற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். “கவிழாமல் இருந்தால் சரி,” என்றார் அவர்.

பூண்டுலோயாவிலிருந்து என் அண்ணன் வந்தான். எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவன். அவனும் உயரம்தான். ஏணி இல்லாமலே மேலே ஓடும் பெல்ட்டின் உருளைகளுக்கெல்லாம் எண்ணெய் விடுவான் என்றுதான் அவனை வேலைக்கு எடுத்தார்கள் என்று வீட்டில் வேடிக்கையாகச் சொல்வோம். சவுக்குப் பலகைகளைக் கொண்டுவந்து, என் கணவர் பென்சிலால் அளந்து கோடு போட, அவன் அறுத்து முடுக்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வேலை செய்து மேடை போட்டுவிட்டார்கள். நாற்காலியை அதன்மேல் தூக்கி வைத்து ஆணியடித்து இறுக்கி, அண்ணன் ஏறி உட்கார்ந்து ஆட்டிப் பார்த்தான்.

“நான் ஒக்காந்தே அசையல. இனி யாரு ஒக்காந்தாலும் அசையாது,” என்றான்.

திங்கட்கிழமை முதலில் வந்த கிழவர் மேடையைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார். “என்னங்க இது, தேர் மாதிரியில்ல இருக்கு? வடம் புடிச்சு இழுக்கப் போறீங்களா?”

இன்னொரு சங்கடமும் வந்தது. நாற்காலி எனக்கு எட்டும் உயரத்துக்கு வந்ததும் என் உதவியாளருக்கு எட்டாமல் போயிற்று. நோயாளியின் வாய்க்குள் எச்சிலை உறிஞ்சும் குழாயைப் பிடிக்க அவர் நுனிக்காலில் நிற்க வேண்டியிருந்தது. என் கழுத்து வலியை எடுத்து அவருடைய குதிகாலுக்குக் கொடுத்தது போல. கடைசியில் அவரே ஒரு பழைய தேயிலைப் பெட்டியைத் தேடிக் கொண்டுவந்து, கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஏறி நின்றார். “சரி, இப்ப நானும் டொக்டர் உயரம்,” என்று சுற்றும்முற்றும் பார்த்தார். “அனே, அலுமாரிக்கு மேல எவ்வளவு தூசி!”

தோள்பட்டை வலி நன்றாகக் குறைந்தது. ஆனால் கழுத்து முழுதாகச் சரியாகவில்லை. விரல் மரப்பும் விட்டுவிட்டு வந்துகொண்டுதான் இருந்தது. கண்டி வைத்தியர் எழுதிக் கொடுத்திருந்தபடி நுவரெலியாவில் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் போக ஆரம்பித்தேன். என் வயதுப் பெண், சிங்களவர், கறாரான பேச்சு. கழுத்தை இழுத்தார், சூடு வைத்தார், தாடையைப் பின்னுக்குத் தள்ளும் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். சில வாரங்கள் போன பிறகு, “நீங்கள் எப்படி வேலை செய்கிறீர்கள் என்று நான் பார்க்க வேண்டும்,” என்றார். அவ்வளவு தூரம் வர அவருக்கு நேரமில்லை. ஆகவே தானே சிகிச்சைக் கட்டிலில் மல்லாந்து படுத்து, என் கையில் ஒரு தேக்கரண்டியைக் கொடுத்தார்.

“நான்தான் நோயாளி. என் பல்லைப் பாருங்கள்.”

ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தேக்கரண்டியைப் பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியாக நினைத்துக்கொண்டு அவர் வாய்க்குள் பார்த்தேன். அவர் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாயை மூடி எழுந்து உட்கார்ந்தார்.

“என் வாய் உங்கள் முழங்கை உயரத்தில் இருக்கிறது. வெளிச்சம் இருக்கிறது. பல் நன்றாகத் தெரிகிறது. பிறகு எதற்குக் குனிகிறீர்கள்?”

நான் குனிந்திருப்பதே அவர் சொல்லும்வரை எனக்குத் தெரியவில்லை.

“அறைக்குள் நடந்து வரும்போதும் இப்படித்தான் வருகிறீர்கள்,” என்றார். “இது நாற்காலி செய்த வேலை மட்டும் இல்லை.”

பஸ்ஸில் திரும்பி வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். பள்ளிக்கூடத்தில் என் பட்டப்பெயர் ‘சவுக்கு’. தேயிலைச் செடிகளுக்கு மேலே தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும் நிழல்மரம். காலைக் கூட்டத்தில் வரிசையின் கடைசியில் நிற்பேன். அப்போதும் தெரிவேன். தோளை முன்னால் சுருட்டி, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டால் கொஞ்சம் குறைவாகத் தெரியும் என்று கண்டுபிடித்தது எந்த வயதில் என்று ஞாபகமில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால், “கொஞ்சம் தோளைத் தொங்கப் போட்டு நில்லும்மா,” என்று அம்மா காதில் சொல்வார். பாவம், அவருக்கு என் கல்யாணம் நடக்க வேண்டுமே என்ற கவலை. வருபவர்கள் தேநீர் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் பல காலமாகக் குனிந்தே பழகியவள். பல் வைத்தியம் அதற்கு ஒரு காரணத்தைக் கொடுத்தது, அவ்வளவுதான்.

அடுத்த வாரத்திலிருந்து எல்லாவற்றையும் மாற்றினோம். நோயாளியைப் படுக்க வைத்து, நான் நேராக உட்கார்ந்து வேலை செய்வது என்று முடிவு. நிறுத்தி நிதானமாகச் செய்யும் பல் அடைப்பு வேலைகளிலிருந்து ஆரம்பிப்பது. பச்சை நாற்காலியின் முதுகுப் பகுதியைச் சாய்க்க ஒரு கைப்பிடி இருந்தது. முன்பு இருந்தவர்கள் யாரும் அதைத் தொடாததால் துருப்பிடித்து இறுகியிருந்தது. அண்ணன் எண்ணெய் விட்டு, தட்டி, அதை உயிர்ப்பித்தான். என் ஸ்டூலும் என் காலுக்குப் போதாமல் இருந்தது. உட்கார்ந்தால் முழங்கால் இடுப்புக்கு மேலே வரும், முதுகு தானாக வளையும். அதை அவன் தொழிற்சாலைக்குத் தூக்கிப்போய்க் குழாய் வைத்து ஒட்டிக் காலை நீட்டிக் கொண்டுவந்தான்.

“இந்தா, கொக்கு ஒக்கார்ற ஸ்டூல்,” என்று நீட்டினான்.

உட்கார்ந்து பார்த்தேன். பாதம் இரண்டும் தரையில் நன்றாகப் பதிந்தன. தொடை கீழ்நோக்கிச் சரிந்தது. முதுகு யாரும் சொல்லாமலே நிமிர்ந்தது. என் ஆயுளில் என் அளவுக்குச் செய்த ஒரு ஆசனத்தில் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

எல்லாம் தயார். ஆனால் எல்லோரும் படுக்க மாட்டோம் என்றார்கள்.

“மல்லாக்கப் படுத்தா பல்லு தொண்டைக்குள்ள போயிருங்க.” “படுத்துக்கிட்டு எப்புடிங்க துப்புறது?” ஒரு பெரியவர், “இன்னும் அதுக்கு நாளு இருக்குங்க டொக்டரம்மா,” என்று கைகூப்பிவிட்டு நிமிர்ந்தே உட்கார்ந்தார். வற்புறுத்த எனக்கு மனமில்லை. நின்றுகொண்டே வேலையை முடித்தேன். சாயந்தரம் கழுத்து தன் கணக்கைச் சொன்னது.

அப்போதுதான் ஒரு அக்கா வந்தார். கொழுந்து பறிக்கும் பெண், ஐம்பதை நெருங்கும் வயது. முன்பல் ஒன்றின் ஓரம் கறுத்துக் குழி விழுந்திருந்தது. பிடுங்கச் சொல்லி வரவில்லை. மகளுக்குக் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது.

“சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னால வாய மூடிக்கிட்டே நிக்க முடியுமாங்க? அடைச்சு விடுங்க டொக்டரம்மா.”

“அடைச்சிரலாம்க்கா. இதுல படுத்துக்குங்க.”

“படுக்கவா? எதுக்குங்க? பல்லுதானே, புள்ளப் பேறா?”

நான் உண்மையையே சொன்னேன். “ஒக்காந்தும் செய்யலாம்க்கா. ஆனா எனக்குக் கழுத்து வலி. நீங்க படுத்தீங்கன்னா நான் நேரா ஒக்காந்து செய்வேன்.”

அவர் என் கழுத்தைப் பார்த்தார். “டொக்டரம்மாவுக்குக் கழுத்து வலியா? நீங்க கூடையா தூக்குறீங்க?”

“குனிஞ்சு குனிஞ்சே வந்ததுக்கா.”

அவருடைய கை தானாகத் தலை உச்சிக்குப் போயிற்று. கூடைக் கயிறு அழுத்தும் இடம். “எனக்குந்தாங்க. பொழுது சாஞ்சா ஒரு பக்கமும் திருப்ப ஏலாது. யாராச்சும் கூப்பிட்டா மாடு மாதிரி முழுசா திரும்புவேன்.” கொஞ்சம் யோசித்தார். “சரி, படுக்குறேன். ஆனா யாராச்சும் காலப் புடிச்சுக்கணும். உருண்டு விழுந்துருவேன்.”

உதவியாளர் தேயிலைப் பெட்டியிலிருந்து இறங்கி வந்து இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டார். வெடிப்பு விழுந்த, அட்டைக் கடித் தழும்புள்ள பாதங்கள். என் ஸ்வெட்டரைச் சுருட்டி அவர் கழுத்துக்குக் கீழே வைத்தேன். நாற்காலியை மெல்லச் சாய்த்தேன். கண்ணை இறுக்கி மூடி, இரண்டு கைகளாலும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார்.

மரத்துப் போக ஊசி போட்டு, குழியைச் சுத்தம் செய்தேன். ஸ்டூலில் அவருடைய தலைமாட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மேல்பல்லின் உட்பக்கத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். படிக்கும் காலத்தில் பழகியது, பிறகு அவசரத்தில் விட்டுவிட்டது. கை முதலில் எதிர்ப்பக்கமாகப் போயிற்று. கொஞ்ச நேரத்தில் பழக்கம் திரும்பியது. ஜன்னலுக்கு வெளியே பனி வந்து அறை மங்கியது. அடைக்கும் மருந்தைக் குழைக்க நான் திரும்பிய நேரத்தில் ஒரு சத்தம் கேட்டது.

உதவியாளர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

அந்த அக்கா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கைப்பிடியைப் பிடித்திருந்த கைகள் தளர்ந்து மடியில் கிடந்தன. வாய் மட்டும், சொன்ன சொல்லைக் காப்பாற்றுவது போல, திறந்தே இருந்தது.

அவரை எழுப்பாமலே பல்லை அடைத்து, உருவம் கொடுத்து, மெருகேற்றினேன். ஓரிடத்தில்கூட நான் குனியவில்லை. எட்டாதபோது ஸ்டூலை நகர்த்திக்கொண்டு பக்கவாட்டுக்கு வந்தேன், அல்லது அவர் தலையை மெதுவாக என் பக்கம் திருப்பினேன். முடிந்த பிறகும் உடனே எழுப்ப மனம் வரவில்லை. உதவியாளர் பாதங்களை விட்டுவிட்டு, ஒரு துணியை எடுத்து அவற்றை மூடிவிட்டார்.

“விடிஞ்சிருச்சா?” என்று கண் விழித்தார். எங்கே இருக்கிறோம் என்று தெரிந்ததும் வெட்கப்பட்டுச் சிரித்தார். “பகல்ல மல்லாந்து படுத்து எவ்வளவு காலமாச்சுன்னே தெரியலீங்க. கடைசியா புள்ள பெத்தப்பதான் போல.”

கண்ணாடியில் பல்லைப் பார்த்தார். உதட்டை விரித்து, மூடி, மறுபடி விரித்துப் பார்த்தார். வராந்தாவில் காத்திருந்த பெண்கள் அவர் வெளியே போனதும் சூழ்ந்துகொண்டார்கள்.

“உள்ள என்னாங்க கொறட்டச் சத்தம்?”

“நாந்தான்,” என்றார் அவர், கொஞ்சம் பெருமையாக.

அதற்குப் பிறகு நான் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கதை தோட்டம் தோட்டமாகப் பரவியது. ‘தூங்க வச்சுப் பல்லு கட்டுறாங்களாம்’ என்று ஒரு பக்கம், ‘படுக்குற நாற்காலியாம், மெத்தை போட்டிருக்காம்’ என்று இன்னொரு பக்கம். சில பெண்கள் வலியே இல்லாத பல்லைக் காட்டிக்கொண்டு வந்தார்கள். “சும்மா ஒருக்கா பாத்து விடுங்க,” என்று சாய்ந்துகொள்வார்கள். நான் பல்லையெல்லாம் சுத்தம் செய்துவிட்டு, கூட்டம் குறைவான நாட்களில் கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவிடுவேன். அந்த அக்கா கல்யாணம் முடிந்து அதிரசமும் முறுக்கும் கொண்டுவந்து கொடுத்தார். சம்பந்தியம்மாவுக்கு முன்பல்லே இல்லையாம். “நான் சிரிச்சேன், அந்தம்மா வாய மூடிக்கிட்டாங்க,” என்று சொல்லிச் சிரித்தார்.

எல்லோரும் படுத்துவிடவில்லை. மூச்சு இழுப்பு உள்ளவர்களை, மாசமாக இருக்கும் பெண்களை, பயந்தவர்களை நிமிர்த்தித்தான் உட்கார வைப்பேன். அப்போது நான் நின்று வேலை செய்வேன், காலை அகட்டி, இடுப்பை வளைக்காமல். ஒருவர் போய் அடுத்தவர் வருவதற்குள் சுவரோடு முதுகையும் தலையையும் ஒட்டி நின்று, தாடையைப் பின்னுக்கு இழுத்து மூச்சு விடுவேன். வராந்தாவிலிருந்து கதவிடுக்கு வழியாகப் பார்த்தவர்கள், டொக்டரம்மா சுவரை அளக்கிறார் என்று நினைத்தார்களாம்.

ஒரு மழைக்காலத்தில் உடம்பு நன்றாக இருக்கிறதே என்று பயிற்சியை விட்டேன். கழுத்து திரும்பவும் இறுகியது. பிசியோதெரபிஸ்ட் திட்டவில்லை. கட்டிலைக் காட்டினார், அவ்வளவுதான். அதிலிருந்து பயிற்சி பல் துலக்குவது மாதிரி ஆகிவிட்டது. நோயாளிகளுக்குத் தினம் துலக்குங்கள் என்று சொல்கிறவள், தன் கழுத்துக்கு அதைச் செய்ய வேண்டாமா? சாயந்தரங்களில் என் கணவரும் நானும் தோட்டத்துப் பாதையில் நடப்போம். “நிமிர்ந்து நடவும்,” என்பார். “நான் உம்மோட போறன் எண்டு தூரத்திலயே ஊருக்குத் தெரியட்டும்.”

விரல்கள் மரப்பது நின்றுவிட்டது. எப்போது நின்றது என்று சொல்ல முடியவில்லை. ஒருநாள் ஊசியில் மருந்து ஏற்றும்போது, வெகுநாட்களாக அது வரவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு நுவரெலியாப் பக்கம் மாற்றலாகிப் போனேன். அங்கே பொத்தானை அழுத்தினால் உயர்ந்து, தாழ்ந்து, சாயும் நாற்காலி இருந்தது. என்னோடு படித்தவள் ஒருத்தி வெளிநாட்டிலிருந்து உருப்பெருக்கும் கண்ணாடி ஒன்று கொண்டுவந்து தந்தாள். அதைப் போட்டால் குனிந்து கிட்டப் போக முடியாது, போனால் பல் மங்கிவிடும். கண்ணே காவல் இருந்தது. பழைய இடத்து உதவியாளர் ஒரு தடவை தன் பிள்ளையின் பல்லைக் காட்ட வந்தார். பொத்தானை அழுத்தி அழுத்தி நாற்காலியை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்துவிட்டு, “அனே, இது இருந்திருந்தா நமக்கு ஒரு கதையும் இல்லையே,” என்றார்.

கந்தப்பளையில் காணி வாங்கி வீடு கட்டினோம். மரக்கறித் தோட்டங்களைப் பார்த்த சின்ன வீடு. குசினியில் நின்று சமைக்கும் சீமெந்து மேடைக்கு எவ்வளவு உயரம் என்று மேசன் பாஸ் கேட்டார். வழக்கமான அளவு ஒன்றைக் கையால் காட்டினார். அது என் தொடைக்கு வந்தது.

“இல்லை பாஸ்,” என்றார் என் கணவர். என்னைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுவரோரம் நிறுத்தி, முழங்கையை மடக்கச் சொல்லி, அதற்குக் கொஞ்சம் கீழே பென்சிலால் கோடு போட்டார். “இதுக்கு வையுங்கோ.”

மேசன் கோட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். “சேர், உங்களுக்கு இது நெஞ்சுக்கு வரும்ங்க.”

“வரட்டும்.”

மேடை அந்த உயரத்துக்கே வந்தது. ஆனால் நான் கிளினிக்கிலிருந்து திரும்ப நேரமாகும். பள்ளிக்கூடம் முடிந்து முதலில் வீட்டுக்கு வருபவர் அவர். சமையல் முக்கால்வாசி அவர் கையில்தான். இப்போதும் நான் உள்ளே வரும்போது, கைகளை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டும்.

“வெங்காயம் முகத்துக்குக் கிட்ட வந்திட்டுது,” என்பார். “பரவாயில்லை. நீர் போய் முகம் கழுவும்.”

நான் கத்தியை வாங்கிக்கொள்வேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தேநீருக்குக் கேத்திலை அடுப்பில் வைப்பார்.